சந்தா முடிகிற நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு இணையதளத்துக்காக நான் எழுதிய ஒரே ஒரு வரி நிரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்த தளம் அது. வருடச் சந்தா கட்டியவர்கள் முழுதாகப் படிக்கலாம். மற்றவர்களுக்கு முதல் பக்கத்தோடு கதவு மூடிக்கொள்ளும். அந்தக் கதவில் நிற்கும் காவலாளிதான் என் ஒரு வரி. வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும், அதோடு சேர்த்துக்கொள்ளும் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் செருகுநிரலும் இந்த வேலைக்கென்றே ஒரு ஃபங்ஷனைத் தருகின்றன. அதற்கு மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும். ஆள் யார், எந்தச் சந்தா, அது எந்த நிலையில் இருக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் 'ஆக்டிவ்' என்று எழுதினேன். டெஸ்ட் செய்தேன். சந்தா கட்டியவர் உள்ளே போனார், கட்டாதவர் வெளியே நின்றார். வெள்ளிக்கிழமை மாலை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "இவர் மூணு மெயில் போட்டுட்டாரு, ஒருதடவை பேசிடு" என்றார்கள். கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். குரலில் கோபமே இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

"தம்பி, நான் ரத்து பண்ணேன், வாஸ்தவம்தான். அடுத்த வருஷத்துக்குக் காசு எடுக்காதீங்கன்னு பண்ணேன். இந்த வருஷத்துக்குக் கட்டின காசை நான் திருப்பிக் கேக்கலியே?"

"இல்ல சார், சிஸ்டத்துல கேன்சல்னு..."

"பிப்ரவரி வரைக்கும் கட்டியிருக்கேன். கண்ணு மங்கிக்கிட்டே வருது தம்பி. டாக்டர் நம்பிக்கையா ஒண்ணும் சொல்லல. அதான் அடுத்த வருஷம் வேணாம்னு பண்ணேன். முடியறதுக்குள்ள அந்தத் தொடரைப் படிச்சு முடிச்சிடலாம்னு இருந்தேன்."

லேப்டாப்பைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். அவருடைய சந்தாவின் நிலை 'பெண்டிங் கேன்சல்' என்றிருந்தது. அந்தச் செருகுநிரலில் ஒரு சந்தாவுக்கு ஏழு நிலைகள் உண்டு. ரத்து செய் என்ற பொத்தானை அழுத்தியதும் சந்தா உடனே செத்துவிடாது. ஏற்கெனவே கட்டிய காலம் முடியும் வரை இந்த 'பெண்டிங் கேன்சல்' நிலையில் காத்திருக்கும். அந்த நாள் வந்த பிறகுதான் 'கேன்சல்டு' ஆகும். செய்தவர்கள் அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் விட்டவன் நான். 'ஆக்டிவ்' என்றால் காசு கட்டியவர் என்று நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தச் சொல்லுக்கு அங்கே 'இனியும் காசு தரப்போகிறவர்' என்று அர்த்தம். காசு கட்டிவிட்டு, இனி தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட நேர்மையான மனிதரை என் வரி நாற்பது நாட்கள் வெளியே நிறுத்தியிருந்தது.

அன்றிரவே சரிசெய்துவிட்டேன். ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் முடிகிற வேலை. ஆனால் ஒரு கேள்வி போகவில்லை. இவர் இன்றைக்கு நம் சந்தாதாரரா, இல்லையா? இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் யார் யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள்? அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இனி வருபவை.

*

ஆங்கிலத்தில் சப்ஸ்கிரைப் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. கீழே எழுதுவது என்று பொருள். ஒரு காகிதத்தில் மேலே வாக்குறுதி இருக்கும், அதன் கீழே உன் பெயரை எழுதுவாய். அவ்வளவுதான். பணம், கார்டு, தவணை எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

இந்த லத்தீன் சமாச்சாரத்தைப் படித்தபோது எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டபோது அவரிடம் அச்சுக்கூலிக்குப் பணம் கிடையாது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் சம்பளம். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டவர்களிடம் பெயரை எழுதி வாங்கினார். 'என் சரித்திர'த்தில் இதை அவர் 'கையொப்பம்' என்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறார். சப்ஸ்கிரிப்ஷன் என்ற சொல்லின் வேருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடையாது. நமக்குப் பழகிய 'சந்தா' உருது வழியாக வந்தது. பலர் கூடிப் போடும் பணம், நன்கொடை என்பது அதன் பொருள். கையொப்பம் என்பது வாக்கைப் பார்க்கிறது, சந்தா பணத்தைப் பார்க்கிறது. ஒரே உறவின் இரண்டு முனைகள்.

கையொப்பம் வாங்கிப் புத்தகம் போடுவது இங்கிலாந்தில் உ.வே.சா.வுக்கு 270 வருடங்கள் மூத்த வழக்கம். 1617இல் ஜான் மின்ஷு என்பவர் பதினொரு மொழிகளுக்கான ஒரு பெரிய அகராதியை அப்படித்தான் கொண்டுவந்தார். அங்கே சந்தா முறையில் வெளிவந்த முதல் புத்தகமாகப் பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். ஆதரித்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் அச்சடித்தார். பிறகு அதுவே வழக்கமானது. புத்தகத்தின் முன்பக்கங்களில் பிரபுக்கள், பாதிரிகள், வணிகர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். என் கண்ணுக்கு அது டேபிள்தான். உறுப்பினர் டேபிளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதில் ரகசியமே இல்லை.

அந்த டேபிள் தொலைந்துபோனால்? அதுவும் நடந்திருக்கிறது. தொலைத்தவர் சாமான்யர் இல்லை, சாமுவேல் ஜான்சன். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்டுப் புகழ்பெற்றவர் அடுத்த வருடமே ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கப் போவதாக அறிவித்தார். சந்தாதாரருக்கு விலை இரண்டு கினி. ஒன்று இப்போது, இன்னொன்று புத்தகம் கைக்கு வரும்போது. 1757 கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று அறிவிப்பிலேயே தேதியும் போட்டார். (டெட்லைன் கொடுப்பதில் அவருக்கும் எங்கள் துறைக்கும் வித்தியாசமே இல்லை.) புத்தகம் வந்தது 1765இல். நடுவில் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் காணோமே என்று அங்கதக் கவிதையே எழுதிவிட்டார்.

பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு புத்தகக் கடையின் பயிற்சிப் பையன் யாரோ ஒருவருடைய சந்தாப் பணத்தைக் கொண்டுவந்து ஜான்சனிடம் கொடுக்கிறான். அவர் வாங்கிக்கொள்கிறார். எந்த நோட்டிலும் பெயரைக் குறிக்கவில்லை. பையன் தயங்கித் தயங்கி, பட்டியலில் அச்சடிக்கப் பெயரும் முகவரியும் வேண்டாமா என்று கேட்கிறான். பட்டியலே அச்சடிக்கப் போவதில்லை என்கிறார் ஜான்சன். அதற்கு வலுவான இரண்டு காரணங்கள் இருப்பதாகவும் சொல்கிறார். பெயர்கள் எல்லாம் தொலைந்துவிட்டன. பணம் எல்லாம் செலவாகிவிட்டது.

இதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் அந்தச் சந்தாதாரர்களை நினைத்துக்கொண்டேன். கினி கொடுத்ததற்கு என்ன சாட்சி? பெயர் எழுதப்படாத நோட்டு. ஆசிரியர் அன்று மெயில் போட்டபோது அலுவலகத்திலிருந்து போன பதில் 'எங்கள் பதிவுகளின்படி உங்கள் சந்தா செயலில் இல்லை' என்பது. ஜான்சனாவது நேராகச் சொன்னார்.

*

ஆனால் புத்தகத்துக்குக் கையொப்பம் போடுவது ஒருமுறை நடக்கும் விஷயம். புத்தகம் வந்தால் கணக்கு தீர்ந்தது. 'முடிந்துபோன சந்தா' என்கிற விசித்திரமான பிராணி பத்திரிகைகளோடுதான் பிறக்கிறது. வாராவாரம் ஒன்று வந்துகொண்டே இருக்கும், பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் ஒருநாள் காலம் முடிந்துவிடும். அடுத்த வாரம் இதழை அனுப்புவதா, நிறுத்துவதா?

இந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர்கள். ஆசிரியர், அச்சுக்கோர்ப்பவர், கணக்குப்பிள்ளை எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆள். வாசகர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து விவசாயிகள். அறுவடைக்கு முன்னால் அவர்களிடம் காசு இருக்காது. சந்தா முடிந்தாலும் பத்திரிகை போய்க்கொண்டிருக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம், சில இடங்களில் அதற்கு மேலும். காசுக்குப் பதிலாக விறகு, உருளைக்கிழங்கு, சோளம், கோழி எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். குளிர்காலத்துக்கு விறகு தேவை, பாக்கி வைத்திருக்கும் சந்தாதாரர்கள் கொண்டுவந்து போடலாம் என்று பத்திரிகையிலேயே அறிவிப்பு வரும்.

இதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது. கூடவே ஒரு தந்திரமும். பல பத்திரிகைகள் 'பத்திரிகைச் சட்டங்கள்' என்ற தலைப்பில் சில விதிகளைத் தொடர்ந்து அச்சடித்தன. தபால் நிலையத்திலிருந்து இதழை எடுத்துக்கொண்டு போகிறவர், தானாகக் கேட்டு வாங்கினாரோ இல்லையோ, காசுக்குப் பொறுப்பு. நிறுத்தச் சொன்னாலும் பாக்கியைக் கட்டும்வரை இதழை அனுப்பிக்கொண்டே இருக்கலாம், அதற்கும் காசு வாங்கலாம். அதாவது, கடனாளி ரத்துசெய்ய முடியாது. ரத்து செய்யும் பொத்தானை ஏழாவது பக்கத்தில் ஒளித்துவைக்கும் இன்றைய ஆப்களைத் திட்டும்போது இந்தத் தாத்தாக்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த விவகாரத்தில் அரசாங்கம் உள்ளே வந்தது தபால்காரர் வழியாக. அமெரிக்காவின் 1879ஆம் வருடத்துத் தபால் சட்டம் பத்திரிகைகளை 'இரண்டாம் வகுப்பு' அஞ்சலாக வைத்து மிக மலிவான கட்டணம் கொடுத்தது. 1885இல் அது இன்னும் குறைந்து ஒரு பவுண்டு எடைக்கு ஒரு சென்ட் ஆனது. சலுகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பத்திரிகைக்கு முறையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். விளம்பரத் துண்டறிக்கைகளைப் பத்திரிகை என்று சொல்லி மலிவாக அனுப்புவதைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை.

அப்படியென்றால் 'சந்தாதாரர்' என்பவர் யார் என்று தபால்துறை முடிவுசெய்தாக வேண்டும். மூன்று வருடமாகக் காசு தராத விவசாயி சந்தாதாரரா? ஆசிரியர் ஆமாம் என்பார். தபால்துறை நீண்டகாலம் இதைக் கண்டும் காணாமலும் விட்டது. பிறகு 1908 ஜனவரி முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. தினசரி என்றால் சந்தா முடிந்து மூன்று மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். வாரப் பத்திரிகைக்கு ஒரு வருடம். மாதப் பத்திரிகைக்கு நான்கு மாதம். அதற்குள் புதுப்பிக்காதவர் மலிவுக் கட்டணத்துக்கான பட்டியலில் இருக்க முடியாது. அவருக்கு அனுப்பித்தான் ஆவேன் என்றால் பிரதிக்குப் பிரதி தனியாகத் தபால்தலை ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த விதியைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் துறையில் 'கிரேஸ் பீரியட்' என்று சொல்கிறோமே, அதை ஓர் அரசாங்கம் மாதக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. அதுவும் எவ்வளவு தாராளமாக! வாரப் பத்திரிகை வாங்கும் விவசாயிக்கு முழுதாக ஒரு வருடம். ஒரு அறுவடையாவது வந்துபோகட்டும் என்பதுபோல.

சிற்றூர் ஆசிரியர்களில் சிலர் புலம்பினார்கள். ஆனால் பலருக்கு உள்ளுக்குள் நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் 'பாக்கியைக் கொடு' என்று கேட்கும் தர்மசங்கடம் இனி இல்லை. 'நான் கேட்கலப்பா, கவர்ன்மெண்ட் கேக்குது' என்று சொல்லிவிடலாம். சந்தாவுக்கு முன்பணம் என்பது மெல்ல எல்லா இடத்திலும் வழக்கமானது. விறகும் கோழியும் மறைந்தன.

பிற்பாடு யோசித்துப் பார்த்தால், முடிவெடுக்கும் பொறுப்பு ஒரு மனிதர் கையிலிருந்து ஒரு விதிக்கு நகர்ந்த தருணம் அது. 'சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார்' என்று நான் இன்று சொல்லும் வாக்கியத்தின் முதல் வடிவம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

*

இந்தியாவிலும் இதே நிபந்தனை இருந்தது. 1898ஆம் வருடத்து இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளுக்கு இரண்டு தகுதிகளைச் சொல்கிறது. 31 நாட்களுக்கு மேல் இடைவெளி விடாமல் வெளிவர வேண்டும். உண்மையான சந்தாதாரர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். இங்கிலாந்து அரசி காலத்துச் சட்டம். 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024 ஜூனில் நடைமுறைக்கு வரும் வரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது.

மாதாமாதம் ஒழுங்காக வர வேண்டும், சந்தாதாரர்கள் வேண்டும். தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு நிபந்தனைகளும் எவ்வளவு பெரிய மலை என்பது புரியும். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை இழுத்துக்கொண்டு வந்தார். கடைகளில் தொங்கி விற்கிற பத்திரிகை இல்லை அது. சந்தாதாரர்களை நம்பித்தான் வந்தது. எழுத்து பிரசுரப் புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த மாதிரி இதழ்களில் சந்தா முடிந்ததை யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் ஆசிரியரேதான். அல்லது அவர் வீட்டில் யாராவது. ஒரு நீளமான நோட்டு, அதில் பெயர், ஊர், மணியார்டர் வந்த தேதி. முடிகிற மாதம் வந்தால் இதழோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டு போகும். 'இந்த இதழுடன் தங்கள் சந்தா முடிவடைகிறது. புதுப்பித்து ஆதரவு தர வேண்டுகிறோம்.' பழைய இதழ்களை எடைக்கடையில் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சீட்டுகள் பக்கங்களுக்கு நடுவே கிடைக்கும். என்னிடமே இரண்டு இருக்கின்றன. ஒன்றில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே பேனாவால் 'உடல்நலம் தேவலையா?' என்று எழுதியிருக்கிறது.

இந்த நாலு எழுத்துக் கிறுக்கலை என் டேபிளில் எந்தக் கட்டத்தில் வைப்பேன்? சந்தா முடிந்துவிட்டது என்பது எழுதியவருக்குத் தெரியும். ஏன் இன்னும் பணம் வரவில்லை என்பதும் தெரியும். அடுத்த இதழ் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதை ரொம்பப் புனிதமாக்கவும் விருப்பமில்லை. நோட்டு வைத்திருக்கும் மனிதர் தனக்கு வேண்டியவருக்குச் சலுகை காட்டுவார், வேண்டாதவரை மறப்பார். நோட்டில் பெயர் விட்டுப்போய், காசு கட்டியும் இதழ் வராமல் கார்டுமேல் கார்டு போட்டவர்கள் நிறையப் பேர். சிற்றிதழுக்குச் சந்தா கட்டி அது நின்றே போனவர்கள் அதைவிட அதிகம். ஜான்சனின் சந்தாதாரர்களுக்குக் கடைசியில் ஷேக்ஸ்பியராவது கிடைத்தார்.

*

நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக வரவில்லை. நடுவில் ஒரு இரும்பு யுகம் இருக்கிறது. 1890களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் டங்கன் என்பவர் முகவரி அச்சிடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அட்ரஸோகிராஃப் என்று பெயர். பிறகு அது வளர்ந்தபோது ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் பெயரும் முகவரியும் மேடாகப் பதிந்திருக்கும். தகடுகள் இழுப்பறையில் வரிசையாக நிற்கும். இயந்திரத்தில் ஓடவிட்டால் வரிசையாக முகவரிகள் அச்சாகிக்கொண்டே வரும். தகட்டின் மேல் விளிம்பில் சின்னத் தக்கைகளைச் செருகலாம். இன்ன இடத்தில் தக்கை இருந்தால் இன்ன மாதம் சந்தா முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட தக்கை இருக்கும் தகடுகளை மட்டும் அச்சிடவோ தவிர்க்கவோ இயந்திரத்துக்குச் சொல்லலாம்.

என் ஒரு வரியின் கொள்ளுத்தாத்தா அதுதான். தகடு என்பது ரெக்கார்டு. தக்கை என்பது ஸ்டேட்டஸ். இயந்திரம் தக்கையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. காசு வந்தும் குமாஸ்தா தக்கையை மாற்ற மறந்தால் அந்த மாதம் பத்திரிகை போகாது.

இன்றைய நிலையும் அடிப்படையில் இதேதான். 'ஆக்டிவ்' என்ற சொல் டேட்டாபேஸில் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு குறிப்பு. சந்தா முடிகிற நள்ளிரவில் அது தானாக மாறாது. ஒரு திட்டமிட்ட பணி எழுந்துவந்து மாற்ற வேண்டும். வேர்ட்பிரஸ்ஸின் உள்ளமைந்த நேரக்காவலாளி இன்னும் வேடிக்கை. தளத்துக்கு யாராவது வந்தால்தான் அவர் கண்விழித்து, செய்ய வேண்டிய வேலை ஏதும் தவறிவிட்டதா என்று பார்ப்பார். யாருமே வராத இரவில் எந்தச் சந்தாவும் முடிவதில்லை. குமாஸ்தா தூங்குகிறார்.

காசு எடுக்கும் வேலையும் இப்படி மனிதர் கையைவிட்டுப் போனதன் விளைவு 2021இல் இந்தியாவில் தெரிந்தது. அந்த அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் கட்டாயமாயின. எடுப்பதற்குக் குறைந்தது 24 மணிநேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேலென்றால் ஒவ்வொரு தடவையும் அவரே ஒப்புதல் தர வேண்டும். 2022 ஜூனில் இந்த வரம்பு 15,000 ஆனது. கேட்காமல் என் பணத்தை எடுக்காதே என்று சொல்கிற, வாடிக்கையாளர் பக்கம் நிற்கிற நல்ல விதி. ஆனால் அதற்குத் தயாராகாத இடங்களில் சந்தாக்கள் கொத்துக்கொத்தாக அறுந்தன. படிக்கிறவர்கள் யாரும் விலகவில்லை. கார்டில் பணம் இருந்தது. தகவல் போகவேண்டிய பாதை மட்டும் இல்லை. நான் சொன்ன செருகுநிரலின் மொழியில் சொன்னால், புதுப்பிக்கும் முயற்சி தோற்றதும் சந்தா 'ஆன் ஹோல்டு' என்ற நிலைக்குப் போகும். என் ஒரு வரி மாதிரி 'ஆக்டிவ்' மட்டும் தேடும் எந்தக் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்காது. தாங்கள் எப்போது வெளியே தள்ளப்பட்டோம் என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

*

ஆசிரியரின் அழைப்புக்குப் பிறகு ஒரு மீட்டிங் போட்டோம். அதே தவறால் வெளியே நின்றவர்கள் அவர் மட்டும்தானா என்று தேடியதில் மொத்தம் 31 பேர் இருந்தார்கள். மற்ற 30 பேர் மெயில்கூடப் போடவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கட்டிய காசுக்குப் படிக்க உரிமை இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

31 பேருக்கும் இழந்த நாட்களைக் கூட்டிக்கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சண்டை வந்தது அடுத்த கேள்வியில். பணம் எடுக்க முடியாமல் 'ஆன் ஹோல்டு' ஆனவர்களை எத்தனை நாள் உள்ளே வைத்திருப்பது?

"ஒருநாள்கூட எதுக்கு? காசு வரலன்னா கட் பண்ணு. இது அன்னதானம் இல்லப்பா" என்றார் கணக்கு பார்க்கும் அக்கா.

"கார்டு மாத்திருப்பாங்க அக்கா. ஓடிபி வந்திருக்காது. எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? தெரியாதப்ப எதுக்கு நம்ம நஷ்டத்துல இருக்கணும்?"

அவர் சொன்னதில் தவறில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. எனக்கு முன்னால் இந்தக் கதவில் நின்ற எல்லோருக்கும் தெரியாது. விவசாயி கொடுக்கப் போகிறாரா, ஏமாற்றுகிறாரா என்பது சிற்றூர் ஆசிரியருக்குத் தெரியாது. தெரியாமல் போகும் அந்த இடைவெளியின் செலவை யார் தலையில் வைப்பது என்பதைத்தான் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் தீர்மானித்திருக்கிறார்கள். ஜான்சன் வாசகர் தலையில் வைத்தார். சிற்றிதழ்க்காரர் தன் தலையில் வைத்துக்கொண்டார். 1908இன் தபால்துறை இரண்டுபேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. நான் யோசிக்காமலே வாசகர் தலையில் வைத்திருந்தேன். யோசிக்காமல் என்பதுதான் என் குற்றம். ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தபோது நான் ஒரு முடிவெடுக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

1908 கதையை மீட்டிங்கில் சொன்னேன். மாதப் பத்திரிகைக்கு நான்கு மாதம் என்றதும் அக்கா சிரித்துவிட்டார். "அமெரிக்கா கவர்ன்மெண்டு கொடுத்துச்சுன்னா நாமளும் கொடுக்கணுமா?" கடைசியில் பதினைந்து நாளில் வந்து நின்றது. பதினைந்து நாளும் உள்ளே இருக்கலாம், மேலே ஒரு மஞ்சள் பட்டையில் 'உங்கள் கட்டணம் எங்களுக்கு வந்துசேரவில்லை' என்று இருக்கும். 'உங்கள் சந்தா செயலில் இல்லை' என்று முதலில் எழுதியிருந்ததை மாற்றச் சொன்னதும் அக்காதான்.

ஒரு வரி இப்போது பதினாறு வரிகள். மேலே தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். 'ரத்து செய்தவரும் கட்டிய காலம் முடியும்வரை உறுப்பினர்தான். இதை மாற்றுமுன் யாரிடமாவது கேட்கவும்.' என் இடத்துக்கு நாளை வருகிறவருக்கு.

ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டு, நாற்பது நாட்கள் கூடுதலாகச் சேர்த்திருப்பதைச் சொன்னேன். சந்தா மார்ச் கடைசி வரை போகும் என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "எழுத்தைப் பெருசு பண்றதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். கண்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன். அதையும் அப்புறம் ஒரு பொத்தானாகப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.

மார்ச் முடிந்த அன்றிரவு ஏனோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நாளன்று அவர் உள்ளே வந்திருந்தார், இரண்டு மணிநேரம் இருந்திருக்கிறார். தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் மூன்று இதழ்கள் பாக்கி. பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தேன். 'பெண்டிங் கேன்சல்' என்பது 'கேன்சல்டு' என்று மாறியிருந்தது. நான் எழுதிய நிரல் அன்று சரியாகவே வேலை செய்தது.

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அட்மின் பக்கத்தில் போய் முடிவுத் தேதியைக் கையால் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'உடல்நலம் தேவலையா?' என்று எழுதி சேமித்தேன்.